இரண்டு பக்கமும் அடைத்த கம்பி: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பொறியியல் கணிதப் பாடத்திட்டக் குழுவினர், எங்கள் தன்னாட்சிக் கல்லூரி, பெங்களூரு

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

இடத்தையும் நேரத்தையும் தனித்தனியாக்கித் தீர்க்கிற 'மாறிகளைப் பிரிக்கும் முறை'யைக் குறைக்கிற உங்கள் புதிய வரைவைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதி, துறைத்தலைவர் வழியாக முறைப்படி கொடுத்திருந்தேன். 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி வந்தது. குழுவில் நான்கு பேர் தமிழ் பேசுகிறவர்கள். கேன்டீனில் காபி ஆறிப்போகும்வரை நாம் சண்டை போடுவதும் தமிழில்தான். அந்தச் சண்டையின் சூடு என் ஆங்கிலத்தில் இறங்கவில்லையோ என்னவோ. அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். கன்னட நண்பர்கள் வருத்தப்பட வேண்டாம், உங்களிடம் நேரில் வந்து சொல்கிறேன்; என் கன்னடம் பேச்சுக்குத் தாங்கும், எழுத்துக்குத் தாங்காது. ஊரறிய எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பீன்யாவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் வெவ்வேறு கல்லூரிகளில் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற தமிழ் நண்பர்கள் எனக்கு உண்டு. யாரிடம் பேசினாலும் இதே கதைதான்.

போன செமஸ்டர் இரண்டாம் இன்டர்னலில் ஒரு கேள்வி வந்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பி, இரு முனைகளிலும் வெப்பம் கடக்காதபடி அடைத்தாகிவிட்டது. தொடக்கத்தில் இடது முனை 0 டிகிரி, வலது முனை 100 டிகிரி, நடுவில் சீரான ஏற்றம். அதற்குப் பிறகு எந்த நேரத்தில் எந்த இடத்தில் என்ன வெப்பநிலை? 8 மதிப்பெண்.

டிப்ளமோ முடித்துவிட்டு நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்த ஒரு மாணவியின் விடைத்தாளைச் சொல்கிறேன். மாறிகளைப் பிரித்தாள். பிரிக்கும்போது வருகிற மாறிலி நேர்மமாக இருந்தால், சுழியாக இருந்தால், எதிர்மமாக இருந்தால் என்று மூன்று வகையையும் வரிசையாக எழுதினாள். நேர்மத்தை அடித்தாள். சுழியை அடிக்கவில்லை. பக்கத்திலேயே 'இது இருக்கும்' என்று குட்டியாக ஒரு குறிப்பு. கடைசியில் கொசைன் தொடரை எழுதி, அதற்கு முன்னால் 50 என்ற எண்ணைப் போட்டு, 'வெகுநேரம் கழித்துக் கம்பி முழுவதும் 50 டிகிரி' என்று அடிக்கோடு போட்டிருந்தாள்.

எங்கள் விடைக்குறிப்பில் 'மூன்றாம் வகையே பொருத்தமானது, மற்ற இரண்டையும் விலக்குக' என்று இருந்தது. அந்த 50 அதில் கிடையாது. சிவப்பு மையில் ஒரு கோடு, 3 மதிப்பெண். விடைக்குறிப்பை நம்பினால் கம்பி கடைசியில் 0 டிகிரிக்குப் போய்விடுகிறது. இன்னும் வேடிக்கை, தொடக்க நேரத்திலேயே இடது முனையில் மைனஸ் 50 காட்டுகிறது. கேள்வியில் கொடுத்த எண்ணையே திருப்பித் தராத விடை அது.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவள் என் அறைக்கு வந்தாள். திருத்தியவன் நானல்ல, ஆனால் அந்தப் பிரிவுக்குப் பாடம் எடுத்தவன் நான். "சார், ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. உள்ள இருக்கிற சூடு எங்க சார் போகும்?" என்று கேட்டாள். மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடு என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அந்த விடைக்குறிப்பு தயாரித்தவரை நான் குறை சொல்ல வரவில்லை. பல வருஷமாக ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதி வந்த வாக்கியம் அது. முனைகளை 0 டிகிரியில் பிடித்துவைத்த கம்பிக்கு அந்த வாக்கியம் சரி. அடைத்த கம்பிக்குத் தவறு. எங்கே சரி, எங்கே தவறு என்று நின்று பார்க்க நம்மில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இப்போது குழுவின் புதிய வரைவுக்கு வருகிறேன். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு (இடம், நேரம் என்று பல மாறிகளோடு மாறுவதைச் சொல்கிறவை) இருந்த 10 மணி நேரம் 4 ஆகிறது. மாறிகளைப் பிரிக்கும் முறையைப் பிள்ளைகள் செய்து காட்ட வேண்டியதில்லை. அலைச் சமன்பாட்டுக்கும் வெப்பச் சமன்பாட்டுக்கும் முடிந்த வடிவத்தைத் தேர்வுக் கையேட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். மிச்ச நேரத்துக்கு சாஃப்ட்வேர் லேப். 'தொழிற்சாலையில் இன்று யாரும் இதைக் கையால் செய்வதில்லை' என்ற காரணம் வரைவிலேயே இருக்கிறது.

உண்மைதான், யாரும் கையால் செய்வதில்லை. மூன்று வகை எழுதி இரண்டை அடிக்கிற சடங்கு மட்டும்தான் இந்த முறை என்றால், 4 மணி நேரம்கூட அதிகம் என்று நானே கை தூக்குவேன். ஆனால் இந்த முறைக்குள் மெக்கானிக்கல் பிள்ளைக்கு வேண்டிய சரக்கு எங்கே இருக்கிறது என்றால், முனைகளில் இருக்கிறது. எல்லை நிபந்தனை என்று நாம் கடைசியில் அவசரமாகப் போடுகிறோமே, அந்த இரண்டு வரியில். அதைத்தான் நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. சொல்லிக்கொடுக்காததை எடுத்துவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கிறது உங்கள் வரைவு.

வகுப்பில் நான் எப்படித் தொடங்குகிறேன் என்று சொல்கிறேன். மாறிகளைப் பிரித்தபின் ஒரு பக்கம் நேரம் மட்டும், மறுபக்கம் இடம் மட்டும். 'ஆகவே இரண்டும் ஒரே மாறிலிக்குச் சமம்' என்கிற வரியில் பாதி வகுப்பு கண்ணை மூடிக்கொள்ளும். ஏன் ஆகவே? அதற்கு ஒரு பாட்டியையும் பேரனையும் கொண்டுவருவேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டி கடிகாரத்தை மட்டும் பார்த்து ஒரு எண் சொல்கிறார். தெருவில் திரிகிற பேரன் தான் நிற்கிற இடத்தை மட்டும் பார்த்து ஒரு எண் சொல்கிறான். எந்த நேரத்தில் எந்த இடத்தில் கேட்டாலும் இரண்டும் ஒரே எண். இப்போது கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் பேரனை மட்டும் தெரு முழுக்க ஓடவிடுங்கள். பாட்டியின் எண் மாறாது, ஆகையால் அவன் எண்ணும் மாற முடியாது. பேரனை ஓரிடத்தில் நிறுத்திக் கடிகாரத்தை ஓடவிட்டாலும் அப்படியே. ஆக இரண்டு பேரும் ஆயுசு முழுக்க ஒரே எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் அந்த மாறிலி. இதற்கு மூன்று நிமிஷம் போதும்.

அடுத்த கேள்வி, அந்த எண் என்ன? இங்கேதான் பாடப்புத்தகம் மூன்று வகை என்று வகுப்பைப் பிடித்துக்கொள்கிறது. நான் பலகையில் ஒரு கம்பி வரைந்து, இரு முனைகளையும் தரையில், அதாவது 0 டிகிரியில், ஆணி அடிப்பேன். மாறிலி நேர்மம் என்றால் நமக்குக் கிடைப்பது எக்ஸ்பொனென்ஷியல் வளைவுகள். ஒரு முனையில் தரையைத் தொட்டுக் கிளம்பினால் அது ஏறிக்கொண்டே போகும், அடுத்த முனையில் தரைக்குத் திரும்பாது. சுழி என்றால் நேர்கோடு. இரண்டு முனையும் தரையில் இருக்க வேண்டுமானால் அது தரையிலேயே படுத்துக்கிடக்க வேண்டும். எதிர்மம் என்றால் சைன். அது மட்டும்தான் போய்விட்டுத் திரும்பி வரத் தெரிந்தது. அதுவும் எல்லா சைனும் அல்ல, அரை அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்குகிறவை மட்டும். பிறகு ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, முனைகளை அடைத்துவிடுவேன். வெப்பம் சரிவு இருக்கிற இடத்தில்தான் ஓடும், ஆகவே சரிவு முனையில் சுழியாக இருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. உடனே தட்டையான நேர்கோடு எந்த உயரத்திலும் நிற்கலாம். செத்துப்போன சுழி வகை எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த மாணவியின் 50 அதுதான். சமன்பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை, முனைதான் மாறியது.

என் பையில் எப்போதும் இருக்கிற 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். மேசை விளிம்பில் வைத்து, 20 செ.மீ. வெளியே நீட்டி, உள்ளே இருக்கிற பாகத்தைக் கையால் அழுத்திப் பிடித்து நுனியைத் தட்டுங்கள். நுனி மங்கலாக விசிறிபோலத் தெரியும், சத்தம் அவ்வளவாக இருக்காது. 10 செ.மீ. மட்டும் நீட்டித் தட்டினால் 'ட்ர்ர்' என்று அடிக்குரலில் கேட்கும். 1 மி.மீ. தடிமனுள்ள எஃகு என்று வைத்துக் கணக்குப் போட்டால் முதலாவது வினாடிக்குச் சுமார் 20 அதிர்வு, இரண்டாவது 80க்குச் சற்று மேல். நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்கு. வீணைத் தந்தியில் பாதி நீளத்தில் விரல் வைத்தால் இரண்டு மடங்குதான், அடுத்த ஸ்தாயி. ஏன் இங்கே நான்கு?

இந்தக் கேள்வியை நான் கேட்கும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தந்தி விறைப்பால் திரும்புகிறது, ஸ்கேல் தன் வளையாத்தன்மையால் திரும்புகிறது. அதனால் சமன்பாட்டில் இரண்டாம் வகைக்கெழு இருந்த இடத்தில் நான்காம் வகைக்கெழு வருகிறது; ஆய்லர், பெர்னூலி பெயரில் இருக்கிற விட்டச் (பீம்) சமன்பாடு. பிரிக்கிற முறை அதே முறைதான். ஆனால் நான்கு நிபந்தனை வேண்டும். பிடித்த முனையில் இடப்பெயர்ச்சி சுழி, சரிவு சுழி. ஆடுகிற முனையில் வளைப்புத் திருப்புமை சுழி, வெட்டுவிசை சுழி. இந்தக் கடைசி இரண்டையும் நம் பிள்ளைகள் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வகுப்பில் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருக்கிறார்கள். கணக்கு வகுப்பில் அதே பழைய நண்பனைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகவே 20 வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டேன். 1.875, 4.694, 7.855 என்று எண்கள் வெளியே வரும்; அதிர்வெண்கள் இவற்றின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். இரண்டாவது ஆட்டத்தின் அதிர்வெண் முதலாவதைப்போல 6.27 மடங்கு. இரண்டு முனையும் கீல் வைத்து மாட்டினால் 1, 4, 9 என்று ஒழுங்காக இருக்கும். மீண்டும் முனைதான்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் பீன்யாவில் ஒரு சின்ன ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே உலை பார்த்துக்கொண்ட மேஸ்திரி தருமபுரிப் பக்கம். உலைக்குள் துண்டை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டால் 'அங்குலத்துக்கு ஒரு மணி' என்பார். ஒரு அங்குலத் துண்டுக்கு ஒரு மணி, இரண்டு அங்குலத்துக்கு இரண்டு. எனக்கு அப்போது தலையில் கொஞ்சம் கனம். வெப்பச் சமன்பாட்டின்படி தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு ஆக வேண்டும், உங்கள் கணக்கு தப்பு என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பீடியைக் கீழே போட்டுவிட்டு, "தம்பி, நாலு மணி வச்சா கரண்ட் பில்லு நீ கட்டுவியா?" என்று கேட்டார்.

இரண்டு பேர் கணக்கும் சரி என்று எனக்குப் புரிய அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஆனது. பாடம் எடுக்கத் தொடங்கியபின்தான். நான் மனப்பாடம் செய்திருந்தது முகங்களின் வெப்பநிலையைச் சட்டென்று ஓர் எண்ணில் பிடித்துவைத்த தகடு. 50 மி.மீ. எஃகுத் தகட்டை அப்படிக் குளிரவைத்தால், தொடரின் முதல் உறுப்பின் கால மாறிலி (அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தேய எடுக்கும் நேரம்) சுமார் 21 வினாடி, 100 மி.மீ. என்றால் 84 வினாடி. நான்கு மடங்கேதான். ஆனால் உலைக்குள் துண்டின் முகத்தை யார் பிடித்துவைக்கிறார்கள்? வெப்பம் உலையிலிருந்து துண்டின் மேற்பரப்புக்கு வந்து சேர்வதே சிரமம். வந்துவிட்டால் உள்ளே பரவுவது சுலபம். அந்த முனைக்கு நிபந்தனை வேறு: உள்ளே கடத்தப்படுகிற வெப்பமும் வெளியிலிருந்து வருகிற வெப்பமும் சமம். இதைப் போட்டு மாறிகளைப் பிரித்தால் அரை அலைகளின் முழு எண் போய்விடும், அதன் இடத்தில் லாம்டா பெருக்கல் டான் லாம்டா சமம் பயோ எண் என்ற சமன்பாடு வரும். லாம்டா என்பது பாதித் தடிமனுக்குள் அடங்குகிற அலையின் கோணம். பயோ எண் என்பது மேற்பரப்பு வெப்ப மாற்றக் குணகத்தைப் பாதித் தடிமனால் பெருக்கிக் கடத்து திறனால் வகுப்பது. உலையில் குணகம் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 100 வாட் என்ற அளவில் வைத்து, 50 மி.மீ. தகட்டுக்குப் போட்டால் 0.06 வரும். மிகச் சிறியது. சிறிய கோணத்துக்கு டான் லாம்டாவும் லாம்டாவும் ஒன்றே. ஆகவே லாம்டாவின் வர்க்கம் பயோ எண்ணுக்குச் சமம். நேரத்துக்கான கோவையில் வர்க்கமாக இருந்த தடிமனில் ஒன்று அடிபட்டுப்போகிறது. நேரம் தடிமனுக்கு நேர்விகிதம். மேஸ்திரியின் கணக்கு!

அதே துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போடும்போது குணகம் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது, பயோ எண் ஒன்றைத் தாண்டிவிடுகிறது, லாம்டா π-யின் (பை) பாதியை நோக்கி நகர்கிறது, என் நான்கு மடங்கு உயிர் பெறத் தொடங்குகிறது. உலைக்கு அவர், தொட்டிக்கு நான். 'அங்குலத்துக்கு ஒரு மணி'யில் உலோகத்தின் உள்ளமைப்பு மாற வேண்டிய நேரமும், பத்திரத்துக்காகச் சேர்த்த உபரியும் கலந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் வெப்பக் கடத்தல் மட்டும் பார்த்தால் அவ்வளவு நேரம் தேவைப்படாது. ஆனால் நேர்விகிதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் பதில். பதிலைச் சொல்ல நான் திரும்பிப் போனபோது பட்டறை இடம் மாறியிருந்தது, மேஸ்திரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த ஒரு கணக்கை மட்டும் ஒரு மணி நேரம் நடத்த விட்டால், கையேட்டில் நீங்கள் அச்சடித்துக் கொடுக்கப்போகிற முடிந்த வடிவம் எந்த முனைக்கு உரியது என்று பிள்ளைகளே கேட்பார்கள். வரைவில் இருக்கிற வடிவம் எந்த முனைக்கு என்று எழுதப்படவில்லை. பார்த்தால் 0 டிகிரியில் பிடித்த முனைக்கு. உலைக்கும் ஆகாது, அடைத்த கம்பிக்கும் ஆகாது.

சாஃப்ட்வேர் லேப் விஷயத்தில் எனக்கு விரோதம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு இறுதியாண்டுக் குழு பிரேக் டிஸ்க் சூடாவதைக் கணினியில் போட்டுக் கொண்டுவந்தது. அழகான வண்ணப் படங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. வெப்பநிலை ஏறிக்கொண்டே இருந்தது, பிரேக்கை விட்டபிறகும் இறங்கவில்லை, அப்படியே நின்றது. 'டிஸ்க் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது' என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். காற்று படுகிற முகங்களுக்கு எந்த நிபந்தனையும் அவர்கள் கொடுக்கவில்லை. துண்டைச் சின்னச் சின்னக் கூறுகளாக்கிக் கணக்கிடுகிற ஃபைனைட் எலிமென்ட் முறையில் ஒரு முகத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் விட்டால் சாஃப்ட்வேர் அதை அடைத்த முகம் என்று எடுத்துக்கொள்ளும். சும்மா இருப்பதும் அங்கே ஒரு எல்லை நிபந்தனை. இரண்டு பக்கமும் அடைத்த கம்பியை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்திருந்தால் அந்தப் படத்தைப் பார்த்த நொடியில் சந்தேகம் வந்திருக்கும். வைவாவில் நானும்தான் முதல் பத்து நிமிஷம் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சைன், கொசைன்களைக் கூட்டி ஒரு வடிவத்தைக் கட்டுகிற ஃபூரியர் தொடர் விஷயத்தில் வரிசையை மாற்றுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். இப்போது அது செமஸ்டரின் தொடக்கத்தில், பகுதி பகுதியாகத் தொகையிடும் பயிற்சியாக வருகிறது. எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் கம்பி வரும்போது மறந்திருப்பார்கள். சரித்திரம் இந்த வரிசையில் நடக்கவில்லை. தந்தியின் அலைச் சமன்பாட்டை தலம்பேர் 1747இல் எழுதினார். தந்தியின் எந்த ஆட்டத்தையும் சைன்களைக் கூட்டியே சொல்லிவிடலாம் என்று டேனியல் பெர்னூலி 1753இல் சொன்னபோது ஆய்லர் ஏற்கவில்லை. 1807இல் ஃபூரியர் பாரிஸில் தன் வெப்பக் கட்டுரையைக் கொடுத்தபோது லக்ராஞ்சும் அந்தத் தொடரை நம்பவில்லை. புத்தகமாக வந்தது 1822இல். அவ்வளவு பெரிய ஆட்கள் முரண்டு பிடித்த ஒன்றை, 'ஏ-சுழி, ஏ-என், பி-என் கண்டுபிடி' என்று முதல் வாரத்தில் கொடுத்தால் பிள்ளைக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

முதலில் கம்பியைக் கொடுங்கள். முழுக்க 100 டிகிரியில் இருக்கிறது, முனைகளைச் சட்டென்று 0 ஆக்குகிறோம். நம்மிடம் இருப்பவை சைன்கள் மட்டும். 100 என்ற தட்டையான கோட்டை வளைவுகளால் எப்படிக் கட்டுவது? அப்போது தொடர் தேவையாகிறது. நடுப்புள்ளியில் முதல் உறுப்பு மட்டும் 127 காட்டும். அடுத்தது 42ஐக் கழிக்கும், அதற்கடுத்தது 25ஐக் கூட்டும். தள்ளாடித் தள்ளாடி 100க்கு வந்து சேரும். ஆனால் ஒரு கால மாறிலி கழித்துப் பார்த்தால் மூன்றாம் சைன் ஒன்பது மடங்கு வேகத்தில் தேய்ந்து காணாமல் போயிருக்கும். ஒரே ஒரு உறுப்பை வைத்து நடுப்புள்ளி 47 டிகிரிக்குச் சற்றுக் குறைவு என்று கால்குலேட்டரில் போட்டுவிடலாம். முடிவிலித் தொடர் என்று பயந்துகொண்டிருந்த பையன், பட்டறைக்கு ஒரு உறுப்பு போதும் என்று தெரிந்ததும் விடுகிற பெருமூச்சு பின் பெஞ்சிலிருந்து கேட்கும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு மிருதங்கத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வட்டத் தோலை விளிம்பில் இழுத்துக் கட்டி அதே முறையில் பிரித்தால் சைனுக்குப் பதிலாகப் பெஸல் சார்புகள் வரும். அதிர்வெண்கள் 1, 1.593, 2.135, 2.295 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். அதனால்தான் சாதாரண மேளத்தில் சுருதி சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் எப்படிச் சேர்கிறது என்று திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் மண்டையைக் குடைந்துகொண்டார். நடுவில் வைக்கிற கரணையின் (கருப்புப் பூச்சின்) எடைதான் அந்த ஒட்டாத எண்களை முழு எண் விகிதங்களுக்கு அருகில் இழுத்துவருகிறது என்று காட்டினார். அவருடைய விரிவான கட்டுரை 1934இல், அவர் இங்கே இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த காலத்தில் வந்தது. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற தமிழ்ச் சங்கத்தில் கச்சேரி கேட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் நம் வகுப்பிலேயே உண்டு. தேர்வுக்கு வேண்டாம், அரை மணி நேரம் தட்டிக் காட்டினால் போதும். மிருதங்கம் நான் கொண்டுவருகிறேன். வாசிக்கத் தெரியாது, தட்டத் தெரியும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 10 மணி நேரம் திரும்பக் கேட்கவில்லை, 7 கொடுங்கள். அதற்கு ஈடாக நான் விட்டுக்கொடுப்பதையும் சொல்கிறேன். தன்னிச்சை மாறிலிகளையும் சார்புகளையும் நீக்கிச் சமன்பாடு உருவாக்கும் பயிற்சியை மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு முழுதாக எடுத்துவிடலாம். சமன்பாடு பிறப்பது விசைச் சமநிலையிலும் வெப்பக் கணக்கிலும்தான் என்று அவர்களுக்குத் தெரியும். மாறிலியை நீக்கிப் பிறக்கிற சமன்பாட்டை அவர்கள் வாழ்க்கையில் சந்திக்கப்போவதில்லை. லக்ராஞ்சின் ஒருபடிச் சமன்பாட்டுக்கு துணைச் சமன்பாடு எழுதிப் பெருக்கிகளைத் தேடுகிற கணக்குகளையும் எடுத்துவிடுங்கள். கணிதத் துறை நண்பர்களுக்கு இது வலிக்கும், தெரியும். அவை அழகானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. கணினித் துறைப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பதில் நான் மூக்கை நுழைக்கவில்லை.

இந்த முறை எல்லாவற்றுக்கும் செல்லும் என்றும் நான் சொல்லவில்லை. கோணல்மாணலான வார்ப்பு, வெப்பநிலையோடு மாறுகிற கடத்து திறன், பாதி முகம் பிடித்தும் பாதி முகம் அடைத்தும் இருக்கிற துண்டு இவற்றிடம் அது கை விரித்துவிடும். அங்கே உங்கள் சாஃப்ட்வேர்தான் கதி. அந்தக் கை விரிக்கிற இடத்தைப் பிள்ளைகளே தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி லேபின் முதல் வகுப்பை வைத்தால் நன்றாக இருக்கும்: கையால் போட்ட 50 மி.மீ. தகட்டையே முதலில் கணினியில் போடச் சொல்லுங்கள், 21 வினாடி வருகிறதா என்று பார்க்கட்டும், பிறகு ஒரு மூலையை வெட்டச் சொல்லுங்கள்.

தேர்வுத்தாளில் ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். 'மூன்று வகைகளையும் எழுதுக' என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். ஒரு கம்பியையோ விட்டத்தையோ படமாகக் கொடுத்து, முனைகளில் என்ன நடக்கிறது என்று சமன்பாடாக எழுதச் சொல்லுங்கள். எந்த வகை பிழைக்கும், ஏன் என்று இரண்டு வரி கேளுங்கள். விடைக்குறிப்பு எழுதுகிறவருக்கும் அது நல்லது, ஒவ்வொரு முறையும் படத்தைப் பார்த்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்துக்கு என்னைப் பார்வையாளராக அனுமதித்திருக்கிறீர்கள், பேச அனுமதி இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சரி. ஸ்கேலை மட்டும் கொண்டுவருகிறேன். கூட்ட அறையின் மேசை விளிம்பில் கண்ணாடி பதித்திருப்பதால் அதில் பிடிக்காது, மரமேசை ஒன்று போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்த மாணவியின் மறுமதிப்பீட்டு விண்ணப்பம் ஆறு வாரமாகத் தேர்வுப் பிரிவில் இருக்கிறது. கூட்டம் முடிந்து இறங்கும்போது குழுவில் யாராவது ஒருவர் அந்த வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனால் நல்லது.

இப்படிக்கு,
இயந்திரவியல் துறையிலிருந்து உங்கள் சக ஆசிரியன்,
பெங்களூரு